எங்கள் வேலையைத் தேடி உத்திரமேரூர் வரை

உத்திரமேரூருக்கு எப்படிப் போவது, ஒரு நாள் போதுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். போதும். ஆனால் நான் முதல்முறை அங்கே போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு மார்கழி மாத ஞாயிற்றுக்கிழமை, என் வேலை அந்த ஊர்ப் பக்கம் போய்விட்டது என்று கேள்விப்பட்டு, அது நிஜமா என்று பார்த்துவரப் போனேன். அந்தப் பயணத்தை எழுதினால் வழியும் தெரிந்துவிடும் என்பதால் அதையே எழுதுகிறேன்.

அப்போது நான் சென்னையின் தெற்கு ஓரத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தேன். வெளிநாட்டுப் பெண் குழந்தைகள் போடும் குட்டைப் பாவாடை. இடுப்பில் எலாஸ்டிக், கீழே இரண்டு அடுக்குச் சுருக்கு. ஒரு பாவாடை தைத்தால் எழுபது பைசா. என் கணவர் வேலை பார்த்த நூல் மில் மூடி ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர் கிடைத்த வேலைக்கெல்லாம் போய்வந்தார். வாடகை, இரண்டு பெண் குழந்தைகளின் பள்ளிக்கூடம், மாமியாரின் மருந்து எல்லாம் அந்தப் பாவாடைகளில்தான் நடந்தது.

கார்த்திகை மாதக் கடைசியில் சூப்பர்வைசர் எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார். பொங்கலுக்குப் பிறகு இரண்டு லைனை, அதாவது இரண்டு வரிசை மெஷின்களை, மூடப்போகிறார்களாம். கிராமத்தில் முப்பது பைசாவுக்குத் தைத்துத் தருகிறார்களாம். "உங்களுக்கு எழுபது குடுத்துட்டு கம்பெனி எப்படிம்மா நடத்துறது? நாற்பதுக்கு ஒத்துக்கிட்டா பாக்கலாம்" என்றார். மூடப்போகிற லைன்களில் ஒன்று எங்களுடையது.

அன்று மாலையே வாடகை வீட்டின் சொந்தக்காரரிடம் போய், தை மாதம் வீட்டைக் காலி செய்துவிடுகிறோம் என்று என் கணவர் சொல்லிவிட்டார். அரக்கோணத்தில் என் அண்ணன் வீட்டுக்குப் போவதாகத் திட்டம். அண்ணி நல்லவர்தான். ஆனால் இரண்டு அறை வீட்டில் ஏற்கெனவே ஆறு பேர் இருந்தார்கள்.

எனக்குப் பக்கத்து மெஷின் ரெஜினா அக்கா. பரங்கிமலைக்காரர், என்னைவிடப் பத்து வயது பெரியவர், யாருக்கும் பயப்படாதவர். வெட்டிய துணிகளை ஏற்றிக்கொண்டு போகும் டெம்போ டிரைவரிடம் அவர்தான் பேச்சுக் கொடுத்தார். "உத்திரமேரூர் பக்கம், கோதண்டம்னு ஒருத்தர் ரைஸ் மில்லு" என்பதோடு டிரைவர் வாயை மூடிக்கொண்டார். "முப்பது பைசாவுக்கு எவ தைக்கிறான்னு நேர்ல பாத்து ரெண்டு கேள்வி கேக்கணும். வர்றியா?" என்றார் ரெஜினா அக்கா. வருகிறேன் என்றேன்.

உட்கார இடம் கிடைக்கட்டும் என்று விடியற்காலையில் பாரிமுனைக்கே போய்க் காஞ்சிபுரம் பேருந்து ஏறினோம். சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் ஆறு ரூபாய் சொச்சம் என்று ஞாபகம். உத்தரவாதமாகச் சொல்ல முடியவில்லை. மார்கழிப் பனியில் டிரைவர் மெதுவாகத்தான் ஓட்டினார். வழி முழுவதும் அந்தக் கிராமத்துப் பெண்களைத் திட்டிக்கொண்டே போனோம். வெட்கமில்லாதவர்கள், அடுத்தவள் சோற்றில் கை வைக்கிறவர்கள், இப்படி. திட்டத் திட்ட எனக்குக் கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது.

காஞ்சிபுரத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு உத்திரமேரூர் பேருந்தில் ஏறினோம். முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பாலாற்றைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல்தான். அந்த வருடம் மழை நன்றாகப் பெய்து ஏரிகள் நிரம்பியிருந்தன. பல இடங்களில் நாற்றங்கால் விட்டிருந்தார்கள். நாற்று பச்சைப் பாய் விரித்ததுபோல் இருந்தது. ஆனால் அதை ரசிக்கிற மனநிலையில் இருவருமே இல்லை.

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் டீக்கடைக்காரரிடம் கோதண்டம் ரைஸ் மில்லைக் கேட்டோம்.

"கோதண்டமா? அவுரு காவாந்தண்டலம் ஆச்சே. நீங்க வந்த வழிலயே எறங்கி இருக்கணும். அடுத்த பஸ்சு வர நேரம் ஆவும். அதுக்குள்ள கோயிலுக்கு வோணா போய்ட்டு வாங்க."

வேறு வழியில்லாமல் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். சுவர் முழுக்கக் கல்வெட்டு. ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறை எல்லாம் அதில் எழுதியிருக்கிறது என்று அங்கிருந்த ஒருவர் சொன்னார். ரெஜினா அக்கா மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு வாசலில் கிடந்த நிழலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைத் தடவிக்கொண்டார். நீங்கள் போனால் நிதானமாகப் பாருங்கள். பார்க்க வேண்டிய இடம். நான் அன்று சுவரைப் பார்த்தபடி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நாற்பது பைசாவுக்கு ஒத்துக்கொண்டால் வாடகை மட்டும் போகுமா, மருந்தும் சேர்ந்து போகுமா என்று.

திரும்பப் பேருந்தில் வந்து, பிறகு வயல்வெளியில் நடந்து காவாந்தண்டலம் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. மில் இருக்கும் இடத்தை யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தையல் மெஷின் சத்தம் எங்களுக்கு நன்றாகத் தெரியும். நெல் மூட்டை அடுக்கும் கொட்டகையில் பாதியை ஒதுக்கி, சுமார் இருபது மெஷின் போட்டிருந்தார்கள். எல்லாம் காலால் மிதிக்கும் மெஷின். எங்களுடையதோ கரண்டில் ஓடுவது. தவிட்டு வாசனை. மேலே ஓட்டுக்கு நடுவே ஒரு கண்ணாடி, அதிலிருந்து விழும் வெளிச்சத்தில்தான் வேலை. மூலையில் மலைபோல் எங்கள் பாவாடை. அதே நீலம், அதே சுருக்கு.

முதல் மெஷினில் இருந்த பெண் எழுந்து வந்தார். பெயர் கன்னியம்மா என்று பிறகு தெரிந்தது. என் வயதுதான் இருக்கும். புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தார்.

"யாரும்மா நீங்க? இன்னா வோணும்?"

வழியெல்லாம் தயார் செய்த கேள்விகளில் ஒன்றுகூட ரெஜினா அக்காவுக்கு வரவில்லை. "மெட்ராஸ்ல இதே பாவாட தைக்கிறவங்க நாங்க" என்று மட்டும் சொன்னார்.

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கன்னியம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது பயமில்லை, கோபம்.

"ஓ, நீங்கதானா அது. இருவத்தஞ்சு பைசாவுக்குத் தெச்சிக் குடுத்து எங்க பொயப்புல மண்ணப் போட்றது?"

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. "யார் இருபத்தஞ்சுக்குத் தைக்கிறது?" என்றேன்.

"நீங்கதான். எங்களுக்கு முப்பது. இன்னும் அஞ்சு பைசா ஏத்திக் குடுன்னு கேட்டா, மெட்ராஸ்ல கரண்டு மிசின்ல இருவத்தஞ்சுக்கே தெச்சித் தள்றாங்க, நீங்க வாயத் தெறந்தா வேல அங்கியே பூடும்னு கோதண்டம் அண்ணன் சொல்றாரு. ஐப்பசிலேர்ந்து அதான் சொல்லிக்கினு கீறாரு."

ரெஜினா அக்கா அங்கே கிடந்த நெல் மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எழுபதும்மா," என்றார். "எங்களுக்கு எழுபது பைசா. உங்களக் காட்டித்தான் அத நாப்பது ஆக்கப் பாக்கறாங்க."

பின்வரிசையில் ஒருத்தர், "எயுவதா" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கன்னியம்மா எங்களைச் சாப்பிடச் சொன்னார். நாங்கள் கொண்டுபோன புளிச்சோறு, அவர்கள் கூழ், சுட்ட கருவாடு. களத்து மேட்டில் வேப்பமர நிழலில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். நான் நினைத்திருந்ததுபோல் அவர்கள் யாரும் வேறு வழியில்லாமல் வந்தவர்கள் இல்லை. பெரும்பாலும் பயிர் வைக்கிற வீட்டுப் பெண்கள். அரைக் காணி, ஒரு காணி நிலம். நடவும் அறுப்பும் இருக்கும் மாதங்களில் கையில் காசு புழங்கும். மற்ற மாதங்களில் ஒன்றுமில்லை. அந்த வெறும் மாதங்களுக்குத்தான் இந்தத் தையல். கன்னியம்மா அதில் வந்த காசில் ஒரு கறவை மாடு பிடித்திருந்தார்.

"இந்தப் பாவாட எங்க போவுது?" என்று ஒரு பெண் கேட்டார்.

கப்பலில் வெளிநாட்டுக்கு என்றேன்.

"ஏன், அங்க தைக்கத் தெரிஞ்ச பொம்பளைங்களே இல்லியா?"

இருந்தார்கள். கம்பெனிக்கு ஒருமுறை வெள்ளைக்காரர் ஒருவர் சரக்குப் பார்க்க வந்தார். அவர் ஊரிலேயே முன்பு இதே பாவாடைக்குத் தொழிற்சாலை இருந்தது, இங்கே மலிவாக ஆவதால் மூடிவிட்டார்கள் என்று மேனேஜர் எங்களுக்குப் பெருமையாகச் சொன்னார். அன்று நாங்களும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டோம். களத்து மேட்டில் அதைத் திரும்பச் சொல்லும்போது என் குரல் இறங்கிவிட்டது. காலையில் பேருந்தில் நாங்கள் திட்டிய திட்டை, எங்களை நினைத்து அந்த ஊரில் யாரோ ஒருத்தி ஏதோ ஒரு பாஷையில் திட்டியிருப்பாள். ஆனால் அவளால் பேருந்து ஏறி எங்களிடம் வந்து கேட்க முடியவில்லை. எங்களால் முடிந்தது. ஆறு ரூபாய் டிக்கெட் தூரத்தில் இருந்தோம்.

"செரி, எங்களுக்கும் எயுவது குடுன்னு கேட்டா?" என்றார் பின்வரிசைப் பெண்.

கன்னியம்மாதான் தலையை ஆட்டினார். "இல்ல புள்ள. எயுவதுன்னா அவன் இன்னாத்துக்கு டெம்போ வெச்சி இம்மாந் தூரம் வருவான்? மெட்ராஸ்லயே தெச்சிக்க மாட்டான்?" பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "யக்கா, நேராவே கேக்கறேன். எங்களுக்கு ஏத்திக் கேக்கச் சொல்லிட்டு, வேல இங்கேர்ந்து பூட்டா உங்களுக்குத்தான லாபம்? அதுக்குத்தான் வந்தீங்களா?"

நியாயமான கேள்வி. காலையில் அதற்குத்தான் வந்தோம் என்று ரெஜினா அக்கா மறைக்காமல் சொன்னார். பிறகு, "ஆனா வேல கொறைஞ்சி போச்சின்னுதான லைன மூடணும்? நாங்க தெனமும் எட்டு மணி வரைக்கும் ஓவர்டைம் பாக்கறோம். போன மாசம் ஞாயித்துக்கிழமைகூட வரச் சொன்னாங்க. ரெண்டு பக்கமும் தெச்சே பத்தல. தை மாசக் கடைசில கப்பல் ஏத்தியாகணும். இப்போ எங்களையும் விட முடியாது, உங்களையும் விட முடியாது" என்றார்.

கன்னியம்மா கூழ்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "தை பொறந்தா எங்களுக்கு நடவு கீது. ஒரு மாசம் மிசினத் தொடலன்னா நாங்க ஒண்ணும் பட்டினி கெடக்க மாட்டோம்."

அப்படித்தான் அந்த மரத்தடியில் ஒரு விலை பேசினோம். மெட்ராஸில் யாரும் எழுபதுக்குக் கீழே ஒத்துக்கொள்ளக் கூடாது. இவர்கள் ஐம்பத்தைந்து கேட்பது. மீதியில் டெம்போவும் கோதண்டத்தின் பங்கும் போகட்டும். அறுபது கேட்கலாம் என்று ரெஜினா அக்கா சொன்னதற்கு, டெம்போவுக்கு டீசல் யார் போடுவது என்று கன்னியம்மா திருப்பிக் கேட்டுக் குறைத்தார்.

பேசி முடிப்பதற்குள் கோதண்டம் மொபெட்டில் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் கண்ணாடி. யார் சொன்னார்களோ தெரியாது.

"இன்னா கன்னியம்மா, கூட்டம் போட்டுக்கினு கீறீங்க? இவங்க யாரு?"

"மெட்ராஸ்லேர்ந்து வந்து கீறாங்கண்ணா. எயுவது பைசாவுக்குத் தைக்கிறவங்க."

அவர் முகம் மாறியது. கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். "கம்பெனிக்காரங்க இருவத்தஞ்சுன்னு எங்கிட்ட சொன்னாங்க, நான் உங்ககிட்ட சொன்னேன்," என்றார். அவர் சொன்னது உண்மையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கன்னியம்மா ஐம்பத்தைந்து கேட்டார். கோதண்டம் தனக்கே கம்பெனி நாற்பத்தைந்துதான் தருகிறது என்றார். மெஷின் வாங்க பாங்கில் கடன் வாங்கியிருக்கிறேன், என்னை நடுத்தெருவில் நிறுத்தாதீர்கள் என்றார்.

"அப்ப நீயும் போய் ஏத்திக் கேளுண்ணா. நாங்க உன்ன வுட்டுட்டுப் போவல. ஆனா இந்தத் துணியோட செரி. அடுத்த லோடுக்கு அம்பத்தஞ்சு இல்லன்னா, நாங்க நடவுக்குப் போறோம்."

அவர் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போனார். நாங்கள் திரும்பிப் போய்விடுவோம், அவர்கள் அங்கேயே அவர் முகத்தில் விழிக்க வேண்டும். அதைச் சொன்னேன். "அவுரு எங்க ஊரு ஆளுதான்மா. நாளைக்கி மாட்டுக்கு வைக்கோல் கேட்டு அவுரு வூட்டுக்குத்தான் போவணும். நாங்க பாத்துக்கறோம். உங்க ஆளுங்க நாப்பதுக்கு எறங்காம பாத்துக்கோங்க" என்றார் கன்னியம்மா.

அது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் இரண்டு லைனிலும் விஷயத்தைச் சொன்னோம். பாதிப் பேர் நம்பவில்லை. இரண்டு பேர் ஏற்கெனவே நாற்பதுக்குச் சம்மதம் என்று சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்லியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒருத்தர் நிறைமாத கர்ப்பிணி. ரெஜினா அக்கா அவர்கள் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசினார்.

அடுத்த லோடு கிராமத்துக்குப் போய், பிரிக்காத மூட்டைகளாக அப்படியே திரும்பி வந்தது. டெம்போ டிரைவர் எங்கள் ஜன்னல் பக்கம் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அன்று மதியமே மேனேஜர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"உத்திரமேரூருக்கு யார் போனது?"

"நாங்கதான் சார். லீவு நாள்ல கோயிலுக்குப் போனோம்," என்றார் ரெஜினா அக்கா.

"நீ சர்ச்சுக்குப் போறவ இல்ல?"

"நல்ல கோயில் சார். கல்வெட்டெல்லாம் இருக்குது. நீங்களும் ஒருதடவ போய்ப் பாக்கணும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, சீட்டைக் கிழித்துவிடுவார்களோ என்ற பயமும் வந்தது. மேனேஜர் நாற்பதுக்கு எத்தனை பேர் சம்மதம் என்று கேட்டார். யாருமில்லை என்றோம். அந்த இரண்டு பேரையும் சேர்த்துத்தான் சொன்னோம். அன்று காலையில்தான் அவர்களும் மனம் மாறியிருந்தார்கள். போகச் சொன்னார்.

அதற்கப்புறம் சில நாட்கள் எதுவும் நடக்கவில்லை. அந்த நாட்கள்தான் கொடுமை. வீட்டில் பாத்திரங்களைக் கோணியில் கட்ட ஆரம்பித்திருந்தோம். ஒருநாள் கோதண்டம் கம்பெனிக்கு வந்து நெடுநேரம் உள்ளே இருந்துவிட்டு, யாரையும் பார்க்காமல் போனார். மறுநாள் டெம்போ மீண்டும் துணி ஏற்றிக்கொண்டு கிளம்பியது. டிரைவர் எங்கள் ஜன்னலுக்குக் கீழே வண்டியை நிறுத்தி, "அம்பத்திரண்டுக்கு முடிஞ்சிடுச்சி" என்றார். மூன்று பைசா குறைவு. சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து, லைன் மூடுவது இப்போதைக்கு இல்லை, பழைய ரேட்டே என்று சுரத்தில்லாமல் சொல்லிவிட்டுப் போனார். முப்பதுக்குக் கிடைத்தபோதுதான் எங்களை மூடுவதில் லாபம். ஐம்பத்திரண்டும் டெம்போவும் கோதண்டத்தின் பங்கும் சேர்ந்தால் பெரிதாக என்ன மிச்சம்?

கைதட்டவெல்லாம் இல்லை. ரெஜினா அக்கா மெஷினில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்து மீதிச் சுருக்கை முடித்தேன். வீட்டுக்குப் போனபோது வீட்டுச் சொந்தக்காரர் வாசலில் நின்றிருந்தார். நாங்கள் காலி செய்யவில்லை என்றேன். "ரொம்ப நல்லதா போச்சும்மா. வேற ஆள் பாக்கறதே எனக்குப் பெரிய பேஜாரு" என்று சொல்லி, கேட்டில் மாட்டியிருந்த டு-லெட் பலகையை என் கண் எதிரிலேயே கழற்றினார். உள்ளே வந்து கோணியை அவிழ்த்து, முதலில் குக்கரை எடுத்து அடுப்பில் வைத்தேன்.

இது எல்லாவற்றுக்குமான தீர்வு என்று நான் சொல்லவில்லை. பல வருடங்கள் கழித்து அந்த ஆர்டர்கள் வேறொரு நாட்டுக்குப் போயின. அங்கே பேருந்தில் போக முடியாது. ஆனால் அதற்குள் என் பெரிய பெண் டீச்சர் டிரெய்னிங் முடித்திருந்தாள், கணவருக்கு நிலையான வேலை கிடைத்திருந்தது, காவாந்தண்டலத்தில் பலபேர் சொந்தமாக மெஷின் வாங்கி ஊருக்கே பாவாடை, ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார்கள். இடையில் கிடைத்த அந்த வருடங்கள் எங்களுக்குப் போதுமானவையாக இருந்தன. வேலை ஊர்விட்டு ஊர் போகும்போது, போன ஊரில் இருப்பவர் என்ன வாங்குகிறார் என்று நேரில் கேட்டுவிடுவது நல்லது என்று மட்டும் கற்றுக்கொண்டேன்.

இனி நீங்கள் போகிற விஷயம். காஞ்சிபுரம் வரை எப்படியும் வந்துவிடுங்கள். அங்கிருந்து உத்திரமேரூருக்கு இப்போது நிறையப் பேருந்து. மார்கழி, தை மாதங்கள் நல்லது. ஏரிகளில் தண்ணீர் இருக்கும். கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். கல்வெட்டு சாய்ந்த வெயிலில் நன்றாகத் தெரியும். கையில் சாப்பாடு இருந்தால் சேயாற்றுப் பக்கம் ஏதாவது மரத்தடியில் சாப்பிடலாம். திரும்பும்போது உச்சி வெயில் தாழ்ந்த பிறகு ஏறி, ஜன்னலோரம் உட்காருங்கள்.

அடுத்த வருடம் கன்னியம்மா தன் மகளின் காதுகுத்துக்குக் கூப்பிட்டார், குழந்தைகளோடு போனேன். ஆட்டுக்கறிச் சாப்பாடு. திரும்புகிற பேருந்தில் நாற்று வாசனையோடு காற்று வந்தது. சின்னவள் என் மடியில் படுத்தாள். காஞ்சிபுரம் வந்து கண்டக்டர் தட்டி எழுப்பும்வரை நான் தூங்கியிருக்கிறேன்.